சலோமியின் தவக்காலம்

பிப். 22, ஞாயிறு

காலையிலேயே வெயில். கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் காபி.

தவக்காலம் முதல் ஞாயிறு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கான மன்றாட்டைத் தமிழிலும் இந்தியிலும் வாசிக்கச் சொல்லியிருந்தார் ஃபாதர். இத்தனை வருஷம் வீட்டில் இந்தி டியூஷன் எடுத்தும் மைக் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பூசை முடிந்ததும் பாடகர் குழு சேவியர்: "இன்னா டீச்சர், இங்கயும் இந்திதானா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெயர் சலோமி. ஜார்க்கண்ட். ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டோடு தங்கி, படுக்கையில் கிடக்கும் அந்த வீட்டு மாமியைப் பார்த்துக்கொள்கிறாள். தமிழ் நாலு வார்த்தை. சென்னை வந்ததிலிருந்து சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவே இல்லையாம். நான் சொல்வதைத் தமிழில் சாமியார் காதில் போட்டுவிடுவீர்களா அக்கா என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றேன். ஓடி வந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

பிப். 25, புதன்

லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் மறுபடி வழி மாற்றம். கீரை வாடியது. டியூஷனுக்கு நான்கே பிள்ளைகள்.

ஃபாதரிடம் கேட்டேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமாம், ஆனால் அந்த ஆளும் சாகும்வரை வாய் திறக்கக்கூடாது. இந்தி தெரிந்த சாமியார் இருக்கும் கோவில் தூரம். சலோமிக்கோ ஞாயிறு காலையில் மட்டும்தான் லீவு.

பயமாக இருக்கிறது. பிறத்தியார் பாவத்தைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்குவது?

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தது.

நான் கற்றது பரீட்சை இந்தி. அவளுடையதில் ஊர்ப் பேச்சு பாதி. ஓரிடத்தில் புரியாமல் மறுபடி சொல்லச் சொன்னேன். சிரமப்பட்டு ஒருமுறை சொன்னதைத் திரும்பவும் சொல்ல வைத்துவிட்டேன். அவள் கோபப்படவில்லை. எனக்கு விளங்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஃபாதரும் நானும் தரையைப் பார்த்தபடி.

மன்னிப்பு ஜெபத்தை மொழிபெயர்க்க வேண்டாம், அது அவளுக்குப் புரியும் என்றார் ஃபாதர். புரிந்தது. சிலுவை வரைந்துகொண்டு நிமிர்ந்தபோது அவள் முகம். அதற்கு மேல் இங்கே எழுதக்கூடாது.

வீட்டுக்காரர், "என்ன சொன்னா அந்தப் பொண்ணு?" என்றார். சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டேன். புரிந்துகொண்டார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

புழுக்கம். குருத்தோலையில் சிலுவை மடிக்க இந்த வருஷமும் வரவில்லை.

சலோமி அழுதாள். பெரிய வெள்ளிக்கு லீவு இல்லையாம். மாமியின் மகனும் மருமகளும் அன்று திருப்பதி. மாமியைத் தனியாக விட முடியாது. ஊரில் சிலுவையை முத்தி செய்யாமல், முத்தமிட்டு வணங்காமல், ஒரு பெரிய வெள்ளியும் போனதில்லையாம். எனக்கும்தான்.

மத்தியானம் மருமகளுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். முன்பே புக் செய்துவிட்டார்களாம். "அம்மாவை யார் மேடம் பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன்."

எப்படி வந்தது அந்த வார்த்தை, தெரியவில்லை. நீங்கள் யாரென்றே தெரியாதே என்றார். நியாயம்தான். அதே அபார்ட்மெண்டில் ஒரு பையன் என்னிடம் படிக்கிறான். அவன் அம்மா எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார்கள்.

வீட்டுக்காரர் தடுக்கவில்லை. பெரிய வெள்ளி வழிபாட்டுக்குத் தனியாகப் போகவேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கஷ்டம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். தலைவலி. பஸ் கூட்டம்.

சலோமி வெள்ளைப் புடவையில் தயாராக நின்றாள். கஞ்சி, மாத்திரை, டயப்பர் எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

மாமி கண் விழித்தார். "நீ யாரு? அவ எங்கே?"

"கோவிலுக்குப் போயிருக்கா மாமி."

"திரும்பி வந்துடுவாளோன்னோ?"

வந்துடுவா என்றேன். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி. மறுபடி. ஊட்டிய கஞ்சி பாதி என் புடவையில். டயப்பர் மாற்றத் தெரியாமல் மாற்றினேன். மாமி வலியில் முனகினார், நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சலோமிக்கு இது தினமும்.

கோவிலில் இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கும் நேரம். கட்டிலருகில் உட்கார்ந்து எனக்குள் ஜெபித்தேன்.

"என்ன முணுமுணுக்கறே?"

"ஜெபம் மாமி."

"சத்தமாத்தான் சொல்லேன். எனக்குப் பேச்சுக்குரல் இருந்தா தூக்கம் வரும்."

சொன்னேன். சலோமிக்காக, ஊரில் இருக்கும் அவள் அம்மாவுக்காக, ஊரை விட்டு வந்த எல்லோருக்காகவும், இந்த மாமிக்காகவும். மாமி தூங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார். மகன் திருப்பதியிலிருந்து வருவதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இருட்டும் முன் சலோமி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வந்துட்டேன் அம்மா." தமிழில்.

மாமி என் கையை விட்டார். அந்தப் பக்கம் திரும்பி உடனே தூங்கிப்போனார்.

வாசல்வரை சலோமி கூடவே வந்தாள். சிலுவையை இரண்டு முறை முத்தி செய்தாளாம். இரண்டாவது எனக்காகவாம். சிலுவையைப் பிடித்திருந்தவர் முறைத்தாராம், பின்னால் வரிசை நின்றதாம், பரவாயில்லை என்றாள்.