புரண்டு படுத்தவள்

இன்று காலை ஆய்வகத்தில் நான் உடைத்த முட்டை அழுகியிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஆனால் நேற்றிலிருந்தே எனக்குக் குமட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று கிள்ளானில் உன் கொழுந்தன் மனைவிக்கு வளைகாப்பு; என்னையும் அழைத்திருந்தார்கள். உன் மாமியார் அவள் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே, படுத்தபடி புரளக்கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்றார். அதற்கு உன்னை உதாரணம் காட்டினார். நீ செத்து இரண்டு வருடமாகியும் உன்னை விடவில்லை.

நாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தபோது, நீ ஒருநாள் என் ஆய்வகத்துக்கு வந்தாய். இரண்டு நாள் கோழிக்கருவை நுண்ணோக்கியில் காட்டினேன். நேர்க்குழாயாக இருந்த இதயம் வலப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது.

"இதுக்கு யாருடி லெஃப்ட் ரைட் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாய்.

கோழிக்கு வேறு வழி, மனிதக் கருவில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் சுழன்று, அங்குள்ள நீரை இடப்பக்கமாகத் தள்ளும், அதை வைத்துத்தான் உடம்புக்கு இடம் வலம் தெரிகிறது என்றேன். நம்பாமல் சிரித்தாய்.

உன் குழந்தைக்கு இதயம் இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருந்தது. ரத்தக்குழாய்களும் மாறியிருந்தன. ஒன்பதாம் நாள் போய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் உன் மாமியார், நீ தூக்கத்தில் புரண்டதால்தான் பிள்ளையின் நெஞ்சும் புரண்டுவிட்டது என்றார். அதற்குத் தலையாட்டிய கூட்டத்தை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. நீ என்னைப் பார்த்தாய்.

"நீ படிச்சவதானே, சொல்லுடி. நான் புரண்டதாலயா?"

இடம் வலம் முடிவாவது முதல் சில வாரங்களிலேயே. வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போது உனக்கே சரியாகத் தெரிந்திருக்காது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சாவு வீட்டில் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதா என்று தேநீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம்தான் போனில் சொன்னேன். "இத அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாம் லா," என்று வைத்துவிட்டாய்.

நேற்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் மாமியார் சந்தனக் கையைத் துடைத்தபடி நிதானமாகக் கேட்டார்.

"அவளே ஒத்துக்கிட்டாளேம்மா. நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

உண்மைதான். அன்று சாவு வீட்டில் நான் வாய் திறக்காததைப் பார்த்த பிறகு, "ஆமா அத்தை, புரண்டுதான் படுத்தேன்," என்று நீ சொன்னாய். அதை இந்த மடலில்கூட இவ்வளவு நேரம் எழுதாமல் தாண்டி வந்திருக்கிறேன்.