வலப்பக்கத்துக்காரி

சுங்கை சிப்புட்
4 மார்ச் 2024

அன்புத் துளசிக்கு,

நான் நலம். நலமில்லை என்றாலும் கடிதத்தில் அப்படித்தானே எழுத வேண்டும்! போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் புருஷன், என் தம்பி யுகேந்திரன், நடுவில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஈப்போ கிளினிக்கில் டாக்டர் மெஹ்ரீன் சொன்னதை நானும்தான் கேட்டேன். நான் அவனுக்குக் கொடுத்த சிறுநீரகம் இருபது வருடம் உழைத்துக் களைத்துவிட்டது, டயாலிசிஸுக்குப் போவதற்கு முன்பே வேறொன்று வைத்தால் நல்லது என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ எழுந்து நின்று, "நான் குடுக்கிறேன் டாக்டர்" என்றாயே, அதுதான் ஆறவில்லை. கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறவளைப் போல இருந்தது.

மாற்றி வைத்த சிறுநீரகம் எத்தனை வருடம் ஓடுகிறது, கொடுத்தவர்கள் பிற்காலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று அந்த டாக்டர் ஆராய்ச்சி செய்கிறார் அல்லவா? பலருக்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே தளர்ந்துவிடுகிறதாம். என்னுடையதைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கே முகம் மலரும். இப்போது புதியது வைத்தால், ஆராய்ச்சியில் என்னுடையதற்கு நேராக 'முடிந்தது' என்று போட்டுவிடுவார்களாம். நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன்.

அவன் வலது அடிவயிற்றில் இருப்பது என் சதை. அதை ஓய்வுக்கு அனுப்ப நீ இவ்வளவு அவசரப்பட வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணி வீரம்மா


புந்தோங், ஈப்போ
12 மார்ச் 2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

துளசி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை அவர் பள்ளி வேன் ஓட்டப் போன பிறகுதான் படித்தேன். இரண்டு தரம் படித்தேன்.

நான் எழுந்து நின்றது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். இருபது வருடத்துக்கு முன்னாலும் முதலில் எழுந்து நின்றவள் நான்தான். கல்யாணமாகி இரண்டே வருடம். ரத்த வகை ஒத்துவராது என்று என்னை உட்காரவைத்தார்கள். உங்களுடையது ஒத்துவந்தது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான் அண்ணி, இன்றைக்குத்தான் எழுந்திருக்கிறேன்.

பொறாமையா என்றால், பொறாமைதான். எங்கள் கல்யாண நாளை அவர் மறப்பார். ஆபரேஷன் நாளை மறந்ததே இல்லை. ஒவ்வொரு ஜூலையும் உங்களுக்குப் புடவை வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்கு ஓடுவார். கழிவறையிலிருந்து வரும்போதெல்லாம் "அக்கா நல்லா வேலை செய்யுது லா" என்று சிரிப்பார். எந்தப் பெண்டாட்டியாவது தினமும் இதைக் கேட்டிருப்பாளா?

காலையும் இரவும் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான். இளநீரைக் கண்ணில் காட்டாமல், உப்பைக் குறைத்து, சளி பிடித்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பி, 'ராங்கிக்காரி' என்று தெருவில் பேர் வாங்கினேன். உங்கள் சிறுநீரகம் இருபது வருடம் ஓடியது என்கிறார்களே, யார் வீட்டில் ஓடியது? ஆராய்ச்சியில் மாத்திரை கொடுத்தவளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

இப்போது ரத்த வகை ஒத்துவராவிட்டாலும் வைக்கலாமாம். முதலில் அவர் ரத்தத்திலுள்ள எதிர்ப்பைக் கழுவி எடுத்து, மருந்து ஏற்றி, பிறகு வைப்பார்கள். கவனமாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் கழித்தும் மற்றவர்களைப் போலவே நன்றாக இருக்கிறார்களாம். நான் எல்லாம் விசாரித்துவிட்டேன்.

இந்த முறை என் முறை. குறுக்கே நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
துளசி


சுங்கை சிப்புட்
2 ஏப்ரல் 2024

துளசிக்கு,

பொறாமை என்று நீயே எழுதிவிட்டதால் எனக்குச் சுலபமாகிவிட்டது. எனக்கும் அதேதான்.

உனக்குப் புருஷன் இருக்கிறான், பினாங்கில் வேலை பார்க்கும் மகள் தினேஸ்வரி இருக்கிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தில் இப்போது எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பி மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்தான் எனக்கு வாரம் பிறந்த மாதிரி. அவன் வருவது அக்காவுக்காகவா, உள்ளே இருக்கும் கடமைக்காகவா என்று நான் கேட்டதில்லை. உன்னுடையதை வைத்துவிட்டால் இங்கே வருவதற்கு அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

நீ பயந்துவிடாதே. என்னுடையது இன்னும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்.

வீரம்மா


புந்தோங்
20 மே 2024

அண்ணி,

நலம் விசாரிக்க மனமில்லை.

வியாழக்கிழமை வேனை ஓரங்கட்டிவிட்டு, கைகால் துவண்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி, இதயத் துடிப்பே தடுமாறியிருக்கிறது. கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் உங்களுக்கு வேறு செய்திதான் அனுப்பியிருப்பேன்.

என்ன குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்" என்று இவர் கூசாமல் சொன்னார். வேனில் சீட்டுக்கு அடியில் உங்கள் ரோஜாப்பூ பிளாஸ்க் கிடந்தது. திறந்தேன். பூனைமீசை இலைக் கஷாயம்! வார்டில் அதை அவர் முன்னால் வைத்தேன். "அக்கா வாராவாரம் காய்ச்சிக் குடுக்குது லா. குடிக்காட்டி அது அழுவும்" என்கிறார்.

பூனைமீசை சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஊரே சொல்லும், நானும் கேட்டிருக்கிறேன். நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும். தளர்ந்த சிறுநீரகத்தால் அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதாம். உங்களுடையதுதான் ஜெயிக்க வேண்டும் என்று அவரைத் தோற்கடிக்கப் பார்த்தீர்கள். ஜூனில் நடக்க வேண்டிய ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

இனி அவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்.

துளசி


சுங்கை சிப்புட்
28 மே 2024

துளசி,

செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டேன். அவன் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா? இரண்டு வரி எழுது, போதும். ஜூலையில் புடவை வேண்டாம் என்று சொல்லிவிடு.

வீரம்மா


சுங்கை சிப்புட்
15 ஜூலை 2024

துளசி,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் வாசலுக்குப் போய்விடுகிறேன். அடுத்த வீட்டு ராக்காயி பார்த்துவிட்டு, "தம்பிய காணோமே அக்கா?" என்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

வீரம்மா


புந்தோங்
6 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் எதுவும் தொலையவில்லை. நான்தான் எழுதவில்லை. அவர் தேறிவிட்டார். இந்த மாதம் 23ஆம் தேதி கோலாலம்பூரில் ஆபரேஷன். ரத்தம் கழுவும் வைத்தியத்துக்காக அவரை முன்கூட்டியே சேர்க்கிறார்கள்.

ஜூலைப் புடவையை அவர் வாங்கிவிட்டார். நான்தான் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். டாக்டர்கள் படம் போட்டு எல்லாம் விளக்கிவிட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். தினேஸ்வரியிடம் கேட்டால் அவள் பயந்துவிடுவாள். அவரிடம் கேட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்பார். இந்தக் குடும்பத்தில் இதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ரொம்ப வலிக்குமா அண்ணி? எனக்குப் பயமாக இருக்கிறது.

துளசி


சுங்கை சிப்புட்
9 செப்டம்பர் 2024

என் கண்ணே துளசி,

வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் காலத்தில் விலாவில் நீளமாக வெட்டினார்கள். உனக்குச் சின்ன ஓட்டைகள் போட்டு எடுப்பார்களாம், அதிலும் நீ கொடுத்துவைத்தவள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். சிரிக்க வைக்கிறவர்களைப் பக்கத்தில் விடாதே. எழுந்து நட என்று நர்ஸ் சொன்னால் திட்டிக்கொண்டாவது நட.

டாக்டர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் எல்லோரும் அவனிடம்தான் ஓடுவார்கள். சிறுநீர் வந்துவிட்டதா, எவ்வளவு வந்தது என்று அங்கேதான் கூட்டம். அதில் தப்பில்லை. ஆனால் கொடுத்தவள் வேறு வார்டில் தனியாகப் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அப்படித்தான் கிடந்தேன். அழுதேன் என்று அவனிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அப்போது நீ வந்தாய். புதுப்பெண், முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது. என் இடத்தில் நீ படுத்திருக்க வேண்டும் என்ற ஆத்திரம் உன் கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் மைலோ கலந்து ஆற்றிக் கொடுத்தாய். சிக்குப் பிடித்த என் தலையை வாரிப் பின்னிவிட்டாய். பின்னலை மட்டும் இறுக்கிப் பின்னினாய், எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

நான் ரயிலில் வருகிறேன். அவன் பக்கம் போகமாட்டேன். உன் கட்டில் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருவேன். சீப்பும் கொண்டுவருகிறேன்.

உன் அண்ணி,
வீரம்மா


புந்தோங்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்றுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீர் தாராளமாகப் போகிறது. கழிவறையிலிருந்து வந்து என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமே சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார்! நம் இரண்டு பேருக்கும் பயந்த மனுஷன்.

அங்கே இருந்த நாளெல்லாம் நீங்கள் அவர் இருந்த மாடிக்கு ஒருமுறைகூட ஏறவில்லை என்று தினேஸ்வரி பிறகுதான் சொன்னாள். நான் கண் விழித்தபோதெல்லாம் நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். அதற்கு நன்றி. பின்னலை அவ்வளவு இறுக்கியிருக்க வேண்டாம்.

ஸ்கேன் அறையில் திரையைக் காட்டினார்கள். இடப்பக்கம் என்னுடையது, கொழுகொழுவென்று. வலப்பக்கம் உங்களுடையது, சிறுத்துப்போய். பழையதை எடுக்கவே மாட்டார்களாம். எடுத்துவிடலாமே என்று நானே டாக்டரிடம் கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன், ஆனாலும் கேட்டேன். தொல்லை தராதவரை வீணாக வெட்ட வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். ஆக, நீங்கள் எங்கேயும் போகவில்லை. அவர் இருக்கும்வரை எனக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கப்போகிறீர்கள்.

டாக்டர் மெஹ்ரீனையும் பார்த்தேன். உங்கள் சிறுநீரகத்துக்கு நேராக 'முடிந்தது' என்று போட்டுத்தான் ஆக வேண்டுமாம். ஆனால் கொடுத்தவர்களுக்கு அப்படி முடிவு கிடையாதாம். உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் வந்து காட்ட வேண்டும். இனி நானும் வர வேண்டும். நம் இருவரையும் ஒரே நாளில் வரச்சொல்லியிருக்கிறார்.

உடம்பு தேறியதும் பழையபடி ஞாயிற்றுக்கிழமை வருவார். பிளாஸ்க்கை நான் திருப்பித் தரமாட்டேன். ஜூலைப் புடவையை இத்துடன் அனுப்புகிறேன். மடிப்பு கலைந்திருந்தால் கேட்காதீர்கள், ஒருமுறை கட்டிப் பார்த்தேன்.

கிளினிக்குக்கு அவர் நம் இருவரையும் வேனிலேயே அழைத்துப் போகிறாராம். இப்போதே சொல்லிவிடுகிறேன். போகும்போது முன்சீட்டு எனக்கு. வரும்போது வேண்டுமானால் நீங்கள் உட்காரலாம்.

அன்புடன்,
இடப்பக்கத்துத் துளசி