பேர் சொல்லும் ரோடு

டிச. 4, வியாழன்

பனி. எதிர்ச்சாரிக் கட்டிடம்கூடத் தெரியவில்லை. ஹாரனுக்கு மட்டும் குறைவில்லை. இந்த ரோட்டுக்குப் பனியாவது மழையாவது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. மாடிக்குக் கேட்கிற மாதிரி டிரைவர் குரல்: "மு. ஸ்டாப்பு யாரு? ஏறுங்க, ஏறுங்க!"

முழுப் பெயரை எழுதக் கை வராது. தாலி கட்டியவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவேன். காகிதத்தில் மட்டும் எப்படி வரும்? மு. போதும்.

அவர் போய் மூன்று வருஷம். கீழே அவருடைய பஞ்சர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் அவர் பெயர்தான். ஷிப்டுக்கு ஷிப்டு யாராவது அவரைக் கூப்பிடுகிறார்கள். நானும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். பைத்தியக்காரி.

வாங்க: பால், தீப்பெட்டி, ஜன்னல் கொக்கி.

டிச. 7, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் போன். "அந்தச் சத்தத்துல எப்படிம்மா இருக்கே? இங்க வந்துடு." தூசி, புகை, தூக்கமில்லை. எல்லாம் உண்மைதான். போகாத காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், இல்லையென்றால் அழுவாள். இரண்டும் வேண்டாம்.

கல்யாணமாகி வந்த புதிதில் பெங்களூர் லாரி எல்லாம் இந்த ரோட்டில்தான். டயர் வெடித்தால் எங்களுக்குச் சாப்பாடு. பிறகு பைபாஸ் வந்து லாரிகளைக் கூட்டிக்கொண்டு போனது. ரோடு ஓய்ந்தது என்று நினைத்தோம். எங்கே ஓய்ந்தது? கம்பெனி பஸ் வந்தது. அப்போது கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மூன்றிலும் சண்டை போடுவார். இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கிறது. சண்டை போடத்தான் யாருக்கும் நேரமில்லை.

டிச. 9, செவ்வாய்

சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள். வாசலில் பள்ளம், தாண்ட ஒரு பலகை. செல்போன் கடைக்காரர் சொன்னார்: "அக்கா, நாளையிலேர்ந்து பஸ்ஸு இங்க நிக்காதாம். பூ மண்டிகிட்ட மாத்திட்டாங்க."

"பேரு?" என்றேன்.

"எந்தப் பேருக்கா?"

ஒன்றுமில்லை என்று மேலே வந்துவிட்டேன்.

டிச. 10, புதன்

பஸ் ஒன்றுகூட நிற்கவில்லை. ரசத்தில் உப்பு மறந்து, அப்படியே சாப்பிட்டேன். சாயங்காலம் காய் வாங்குகிற சாக்கில் பூ மண்டி வரை நடை. அங்கேயும் டிரைவர் "மு. ஸ்டாப்பு, மு. ஸ்டாப்பு" என்றே கத்துகிறார். இடம் மாறியும் பெயரை விடவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அவர் அங்கே போய்விட்டார், நான் இங்கே.

கத்தரிக்காய் சொத்தை.

டிச. 12, வெள்ளி

நல்ல குளிர். பள்ளத்தோரம் ஒரு பெண். கழுத்தில் புது ஐடி கார்டு, கையில் டிபன் பை. பழைய இடத்திலேயே நிற்கிறாள். ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன்.

"பாப்பா, இங்க பஸ்ஸு நிக்காது. பூ மண்டிக்குப் போ."

"இல்ல ஆன்ட்டி, ஹாஸ்டல்ல வேற ஸ்டாப்பு சொல்லி அனுப்பினாங்க. இன்னிக்குத்தான் மொத நாளு."

"அதே ஸ்டாப்புதான். அங்க மாத்திட்டாங்க."

"எந்த ஸ்டாப்பு? பேரு சொல்லுங்க ஆன்ட்டி."

முக்கில் பஸ் திரும்பியது. "எங்க வீட்டுக்காரரு ஸ்டாப்பு" என்றேன். அவளுக்கு என்ன புரியும்? முழித்தாள். பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

"முனிராஜ்!" என்று கத்தினேன். "முனிராஜ் ஸ்டாப்பு! அங்கதான்! ஓடு!"

ஓடினாள். தூரத்தில் அவள் ஏறுவது தெரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவை. அதுவும் அவ்வளவு சத்தமாக. ரோட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.