வேர்வை காயாத ஊரிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நலம். ஒப்புக்கு எழுதவில்லை. மெய்யாகவே நலமாக இருக்கிறேன் என்பதைப் படித்து முடிப்பதற்குள் நீயே ஒத்துக்கொள்வாய். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா, அல்லது வலி வந்தால்தான் அதன் நினைவு வருகிறதா?

போனில் பேசினால் உனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியைத் தம்பி எடுத்துச் சொல்கிறேன் பேர்வழி என்று கண், காது, மூக்கு வைத்துவிடுகிறான். நான் அவனிடம் சொன்னது, "பயிற்சியில லேசா மயக்கம் வந்துச்சுடா." உன்னிடம் வந்து சேர்ந்தது, "அக்காவை ஆம்புலன்ஸ்ல அள்ளிப் போட்டுட்டுப் போனாங்க." அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். அவன் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் படி.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கிற வேலையும் இருக்கிறதாமே, அதைக் கேட்டு வாங்கிக்கொள், இல்லாவிட்டால் ஊருக்கே மாற்றல் கேள் என்று எழுதியிருக்கிறாய். கேட்க மாட்டேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே மாற்றலாகி வரும்போது நான் கொஞ்சம் இறுமாப்போடுதான் வந்தேன். நம் ஊர் வெயில் தோலை உரிக்கும். அதில் வளர்ந்தவளுக்கு இந்தக் கடலோர வெயில் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். கணக்குப் பார்த்தால் இங்கே சூடு நம் ஊரைவிடக் குறைவுதான். ஆனால் நம் ஊரில் வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். இங்கே காற்றே பிழியாத துணிபோல இருக்கிறது. காலையில் காயப்போட்ட துண்டு மாலையிலும் ஈரமாகவே கிடக்கிறது. வேர்வையும் அப்படித்தான். கொட்டுகிறது, வழிகிறது, காலணிக்குள் தேங்குகிறது. காய மாட்டேன் என்கிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். புரிந்துகொண்டது இங்கே வந்த பிறகுதான்.

வந்த முதல் வாரமே பயிற்சிக் கோபுரம் ஏறச் சொன்னார்கள். தீக்கவச உடை, தலைக்கவசம், தோளில் சுருட்டிய குழாய். நம் ஊரில் தூக்கத்தில்கூட ஏறியிருப்பேன். இங்கே மூன்றாவது மாடியில் தலைக்குள் யாரோ உரலிடித்த மாதிரி இருந்தது. கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. குனிந்து வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்தது என் சொந்தக் காலால்தான். தம்பியின் ஆம்புலன்சைக் கணக்கில் சேர்க்காதே.

கீழே எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் நிலையத்தில் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் பயில்வான் என்றுதான் கூப்பிடுவோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "வெயிலுக்குப் பயப்படாத பொண்ணு ஆவியில வெந்துடுச்சுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அழுதால் இன்னும் கேவலம்.

நிலைய அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "புது ஊரை உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்மா. அதட்டினா அது திருப்பி உதைக்கும். உடல்தகுதித் தேர்வுவரைக்கும் டைம் தர்றேன். அதுல தேறலைன்னா கட்டுப்பாட்டு அறையில உட்கார்ந்து போன் எடுக்கணும். என்ன சொல்றே?" என்று கேட்டார். நீ கேட்டு வாங்கச் சொல்கிற அதே வேலை. அதைத் தண்டனையாகத்தான் அவரே சொன்னார், பார்த்தாயா?

தேறிக்காட்டுகிறேன் என்றேன். அன்றைக்கே ஆரம்பித்தேன். வீம்பாக இல்லை, புத்தியோடு. முதலில் சாதாரண உடையில் வளாகத்தைச் சுற்றி வெறும் நடை. பிறகு கொஞ்ச தூரம் ஓட்டம். அது பழகிய பிறகு மேலுடையைப் போட்டுக்கொண்டு அதே நடை, அதே ஓட்டம். நாளுக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் உடையைக் கழற்றிப்போட்டு, இரண்டு வாளி குளிர்ந்த தண்ணீரில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு உட்காருவேன். பார்ப்பவர்கள் கைவைத்தியம் என்று கேலி செய்தார்கள். கை குளிர்ந்தால் அதில் ஓடுகிற ரத்தமும் குளிர்ந்து உடம்பெல்லாம் போகும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கடைசியில் கேலி செய்தவர்களே வாளிக்கு வரிசையில் நின்றார்கள்.

ஒரு கட்டத்தில் எனக்கு முன்பைவிட அதிகமாக, சீக்கிரமாக வேர்க்க ஆரம்பித்தது. போச்சு, உடம்பு இன்னும் கெட்டுவிட்டது என்று பயந்தேன். எங்கள் முதலுதவிக்காரர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கெடலைம்மா. இப்பத்தான் உங்க உடம்பு பாடம் படிச்சிருக்கு. முன்னாடி நாலு படி ஏறினா இதயம் தாளம் போட்டுச்சு. இப்பப் பாருங்க, அமைதியா இருக்கு" என்றார்.

தேர்வில் தேறிவிட்டேன் அம்மா. முதலாவதாக இல்லை, கடைசிக்கு முந்தினவளாக. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "போன் மேசைக்கு வேற ஆள் பார்க்கணும் போலிருக்கே" என்றார். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்திருந்தால் என் உடம்பைப் பற்றி உனக்குக் கவலையே வந்திருக்காது.

இனி எழுதப்போவது போன வாரம் நடந்தது. இதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை.

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மதியம் வெயில் சுள்ளென்று அடித்து, தரையெல்லாம் ஆவி கிளம்பியது. இலை அசையவில்லை. அந்த நேரத்தில் ஒரு காகிதக் கிடங்கில் தீ. ஆள் சேதம் இல்லை. ஆனால் கட்டுக்கட்டாகக் காகிதம் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது. மாற்றி மாற்றி உள்ளே போனோம். பயில்வான் நீண்ட விடுப்பு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். விடுப்பில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடும் என்று அதிகாரி எச்சரித்தார். "நான் இந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தவன் சார், எனக்கா?" என்று சொல்லிவிட்டு, ஓய்வு எடுக்க வேண்டிய முறையிலும் அவரே உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவர் அவராக இல்லை. கால் பின்னியது. நாக்குக் குழறியது. ஒருவர் கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்டவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருநாளும் அப்படிப் பேசாத மனுஷன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவன் உரக்கச் சொன்னான், "டூட்டியிலேயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்யா. கொஞ்ச நேரம் நிழல்ல படுக்க வைங்க, தெளிஞ்சிடும்."

அம்மா, அந்த வார்த்தைகளை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். உனக்கும் அது தெரியும்.

நின்று யோசிக்க நேரமில்லை. "போதை இல்லை, சூடு தலைக்கு ஏறிடுச்சு, உடையைக் கழட்டுங்க" என்று கத்தினேன். நாலு பேர் பிடித்தும் திமிறினார். கழுத்தைத் தொட்டேன், கொதித்தது. குழாயை அவர் பக்கமே திருப்பித் தலையிலிருந்து கால்வரை நனைத்தோம். பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி அக்குளிலும் கழுத்திலும் வைத்தோம். இருவர் அட்டையால் விசிறினார்கள். யாரோ சோடாவை உடைத்து அவர் வாயில் ஊற்ற வந்தார். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும் என்று தட்டிவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது, நிஜ ஆம்புலன்ஸ். அதற்குள்ளும் நனைத்துக்கொண்டே போனோம்.

பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, தேறிவருகிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பயில்வான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த வாளியில ஒண்ணை எனக்கும் எடுத்து வைம்மா" என்றார்.

வெளியே வந்ததும் டாக்டரைத் தேடிப் போய் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். ஏரிக்கரை ஓரம் தார்ச்சாலை போட்ட வேலை. முந்தைய நாள் மழை, அன்றைக்குப் புழுக்கம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று மேஸ்திரியைத் திட்டி, மண்வெட்டியை எறிந்து, தள்ளாடி விழுந்தது. குடித்திருக்கிறான் என்று லாரி நிழலில் போட்டுவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்த்தது. சாயங்காலம் எழுப்பப் போனபோது அவர் உயிரில்லாமல் கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நீ எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாயே, கொண்டுவந்து போட்ட பிறகு முகத்தைத் துடைக்கும்போதும் உடம்பு அடுப்பாய்ச் சுட்டது, அவ்வளவு சாராயம் என்று, அதையும் சொன்னேன்.

டாக்டர் கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்தார். "பார்க்காத நோயாளியைப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் வெப்பத் தாக்குதான். சாராயம் உடம்பை அப்படிக் கொதிக்க வைக்காது" என்றார்.

நீதான் அவர் முகத்தைத் துடைத்தாய் அம்மா. அவ்வளவு கிட்டத்தில் நீ மட்டும்தான் இருந்தாய். நினைவுபடுத்திப் பார். வாடை அடித்ததா? ஊர் சொன்னதை விடு, உன் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல். எனக்குத் தெரிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு இனிமேல் சாராயத்தைத் தொட மாட்டேன் என்று அவர் சொன்ன பிறகு, அவர் மேல் வேர்வை வாடையும் தார் வாடையும்தான் அடித்தன. நான் மூன்றாம் வகுப்பு. குழந்தை சொல்வது சபையில் ஏறவில்லை. நானே நாளாக நாளாக அதை நம்பாமல் விட்டுவிட்டேன்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் பத்துப் பேர் ஒரே சொல்லைச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? கோபப்பட்டுத்தான் எங்கள் இருவரையும் நீ ஆளாக்கினாய். அந்தக் கோபம் உனக்கு முதுகெலும்பாக இருந்தது. இப்போது அது வேண்டாம் அம்மா. நாங்கள் நிற்கிறோம், எங்கள் மேல் சாய்ந்துகொள்.

நான் ஏன் மேசைக்குப் போக மாட்டேன் என்று இப்போது புரிகிறதா? தள்ளாடி விழுகிறவனைப் பார்த்து எல்லோரும் விலகி நிற்கும் இடத்தில், பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க ஒருத்தி வேண்டும். அதிகாரியிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து சாலை வேலைக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே போய் இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். வாளியோடுதான்.

தம்பிக்கு இதை நான் சொல்லப்போவதில்லை. "குடிகாரன் மகன்" என்று யாரோ சொன்னதற்காகச் சிறு வயதில் அவன் பல்லை உடைத்துக்கொண்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அவனிடம் சொல்ல வேண்டியது நீ. அவன் வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் கொடு, குடித்து முடிக்கட்டும். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, உங்கப்பா சொன்ன சொல் தவறலைடா என்று உன் வாயால் ஒரு தரம் சொல். அவசரமில்லை, மெதுவாகவே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் என்னுடையதைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவருடைய மகள்