ஸ்தாமெங்கா அத்தையின் தலைக்கு மேல் விட்ட இடம்

ஜூன் 6, செவ்வாய்

தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர் காலை ஏழு மணிக்கு அழைத்தார். அவர்களுடைய மாத இதழில் நான் வரையும் அரைப்பக்கப் படக்கதையில், முதல் கட்டத்தில் தேனீக்கு ஆறு கால்கள், மூன்றாம் கட்டத்தில் ஐந்து. “வாசகர்கள் கவனிச்சிட்டாங்க, யாஸ்னா” என்றார். எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது இப்படித்தான் தெரியவருகிறது. நன்றி சொன்னேன். ஆறாவது கால் பூவுக்குப் பின்னால் இருப்பதாகவும் சொன்னேன். அது பொய்.

இந்த மாத வேலைகள்: தேனீ. தீயணைப்பு நிலையத்துக்கு எச்சரிக்கைப் பலகைகள் – தீப்பிடித்த மனிதன் எல்லாப் பலகையிலும் சிரிக்கக் கூடாதாம். பக்கத்துத் தெருக்காரியின் மிளகாய்த் துவையல் பாட்டிலுக்கு ஒரு சீட்டு. மதியத்துக்கு மேல் ராதிஷா மேஸ்திரியின் கல்பட்டறை. அங்கே கறுப்புக் கல்லறைக் கல்லில் வைர ஊசியால் இறந்தவர்களின் உருவங்களைக் கீறுகிறேன். போன வாரம் ஒருவர், டிராக்டரோடு. டிராக்டருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

காலைகள் மட்டும் என் புத்தகத்துக்கு. “எடைமேடை”: மூடிப்போன சர்க்கரை ஆலையில், வராத லாரிகளுக்காக எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. ஏழு வருடங்கள், மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அதில் இன்னும் இருபத்தொன்று பாக்கி.

எங்களில் எட்டுப் பேர் சேர்ந்து பெல்கிராதில் ஒரு பழைய அச்சு இயந்திரம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருவர் புத்தகம். இந்த வருடம் என் முறை. செப்டம்பர் 11 அன்று எல்லாப் பக்கங்களும் எங்களில் அச்சு வேலையைக் கவனிக்கும் நெவேனாவின் கையில் இருக்க வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போவேன். அடுத்த முறை வரும்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. விதியை எழுதியது நான்தான். அன்று எனக்கு நல்ல உற்சாகம்.

ஜூன் 7

தேனீயை மறுபடி வரைந்தேன். ஆறு. எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

இன்று பட்டறைக்கு ஸ்தாமெங்கா அத்தை வந்தார். திராட்சைத் தோட்டத்துப் பக்கம் வீடு. கணவர் திஹோமிர் போன செப்டம்பரில் இறந்தார். ஆண்டு நினைவுநாள் செப்டம்பர் 16. அதற்குள் கல் நிற்க வேண்டும். வழக்கப்படி ஒரே கல்லில் இருவரும் – முழு உருவம், நின்ற நிலை. அவருக்குப் பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டும். இவருக்குப் பிறந்த வருடமும் ஒரு சிறு கோடும்.

கணவருடைய புகைப்படத்தைக் கொடுத்தார். உங்களுடையது என்று கேட்டேன்.

“நான்தான் உயிரோட இருக்கேனே. போட்டோ எதுக்கு? பாத்து வரைஞ்சுக்கோ.”

கல்லில் கீறும் மெஷினில் போட்டால் இரண்டு நாளில் முடியும் என்று ராதிஷா சொன்னார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. “மெஷின்ல போட்டா எல்லாரும் பாஸ்போர்ட் ஆஃபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்காங்க. கல்லறைல நின்னுக்கிட்டு எந்த நாட்டுக்குப் போகப் போறேன்?”

ராதிஷா என்னைக் காட்டினார். “அப்ப இவகிட்டதான். எங்க பேரோவியர். வீட்டுல உக்காந்து பொம்மைக் கதை போடறா. இங்க வந்தா மட்டும் உருப்படியா ஏதாவது செய்வா.”

மேஸ்திரி என்னைப் பாராட்டும் விதம் இது. பதினொரு வருடம் கேட்டதில் காது பழகிவிட்டது.

ஜூலை 5

அத்தை ஐந்து மதியங்கள் வந்து நின்றார். நிற்பதற்கு முன் எல்லா ஜன்னலையும் சாத்துகிறார். குறுக்குக் காற்று அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், பிறகு கோணல் கழுத்தோடு கல்லில் நிற்க வேண்டியிருக்கும் என்கிறார். முப்பத்தைந்து டிகிரி. கல்தூசி. நான் மறுக்கவில்லை.

பேச்சு நிற்பதே இல்லை. நாத்தனார் விற்ற பசு. ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரில் வேலை செய்யும் மகன் லுபிஷா. மருமகள் சூப்பில் போடாத உப்பு. நடுநடுவே திஹோமிரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார். “இல்லையா?” என்று கல்லைப் பார்த்துக் கேட்டுவிட்டு, சரியான அளவு நேரம் விட்டு, மேலே பேசுகிறார்.

செர்ரி இனிப்பு ஒரு ஜாடி கொண்டுவந்தார். ஒரு கரண்டி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தபோதுதான் தெரிந்தது, இந்த ஐந்து நாளும் நான் மிகவும் சந்தோஷமாக வேலை செய்திருக்கிறேன் என்று. எழுதி வைக்கிறேன். இது போன்றவை மறந்துபோகும், குறைகள் மறப்பதில்லை.

பக்கம் 97.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கல் முடிந்தது. மையில் வரைகிறவளுக்குக் கறுப்புக் கல் எல்லாமே தலைகீழ்: கீறினால் வெள்ளை, விட்டால் இருட்டு, அழிப்பதற்கு வழியே இல்லை. இருந்தும் இதுவரை நான் செய்ததில் இதுதான் நல்லது. அத்தை பேசிக்கொண்டிருக்கிறார். திஹோமிர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பக்கம் 103. ஒன்பதுதான் பாக்கி. முன்கூட்டியே முடிப்பேன் போலிருக்கிறது. எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனாலும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஐயோ.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். லுபிஷா விடுமுறைக்கு வந்திருக்கிறார். காரை விட்டு இறங்கியதும் நேரே பட்டறைக்கு, அம்மாவோடு. ராதிஷா துணியை விலக்கினார். லுபிஷா வெகுநேரம் பார்த்தார்.

“எங்கம்மா ஏன் வாயத் திறந்துக்கிட்டு இருக்காங்க?”

ராதிஷா என் பக்கம் திரும்பினார்.

“ஊர்ல இருக்கற ஒவ்வொரு கல்லையும் போய்ப் பாருங்க. யாராவது வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்களா? எல்லாம் மரியாதையா மூடிக்கிட்டுதான் நிக்கறாங்க!”

ராதிஷாவுக்கு வேறு கவலை. தலையைச் சாய்த்து, கையால் அளந்தார். “அது கிடக்கட்டும். இவங்க தலைக்கு மேல மட்டும் ஏன் இவ்ளோ இடம் காலியா இருக்கு? அவரு தலைக்கு மேல இல்லயே. சிலுவை கூட ஓரமா தள்ளிப் போயிருக்கு. எதுக்கு விட்ட?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வசனம் எழுதும் பேச்சுக்குமிழுக்கு விட்டிருக்கிறேன்! இருபது வருடமாக ஒவ்வொரு கட்டத்திலும் பேசுகிறவர் தலைக்கு மேல் இடம் விட்டு விட்டு, கை தானாக விட்டுவிட்டது. அது மட்டுமா? முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும் என்று அத்தையை இடப்பக்கம் நிறுத்தியிருக்கிறேன். ஆளுயரக் கல்லில் ஒரு படக்கதைக் கட்டம் போட்டிருக்கிறேன். மூளை எங்கே போயிருந்தது? ஒரு மாதம் முழுக்க அதன் முன்னால்தானே நின்றேன்?

அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 15

ராதிஷா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் அந்த இடம் குழிந்துவிடும் என்றார். “புதுக் கல்லு நான் தரேன். உழைப்பு உன்னோடது. ஒன்பதாம் தேதிக்குள்ள முடிச்சாத்தான் கொண்டுபோய் நிறுத்த முடியும்.”

கணக்கு எளிது. காலையும் மதியமும் கல்லில் இருந்தால் செப்டம்பர் 9. அப்படி இருந்தால் புத்தகத்தின் ஒன்பது பக்கம் இல்லை.

தவறு என்னுடையது. அத்தையுடைய முகம் அது – ஊர் முழுக்கப் பார்க்கப் போகிற முகம். என் புத்தகத்தை ஊர் பார்க்காமல் ஏழு வருடம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 16

இந்த நோட்டை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நெவேனாவை அழைத்து, முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டாள். சொன்னேன். தொலைபேசியில் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிக்கிறாள்.

“கல்லறைல பேச்சுக்குமிழா? அடிப்பாவி!”

“சிரிக்காதடி.”

“சரி, சிரிக்கல. ஆனா இத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அடுத்தவன்கிட்ட இப்ப சொன்னா மட்டும் உடனே பக்கம் ரெடியா இருக்கப் போகுதா என்ன? நீ பதினொண்ணாம் தேதி வரலன்னா அப்பப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் நீ எனக்கு போனே பண்ணல.”

இவளைப் போன்ற ஒருத்தி இருக்கிறாள். அதற்கு நான் எதுவும் செய்ததில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

புதுக் கல்லில் வெள்ளைப் பென்சிலால் வரையத் தொடங்கி மூன்று நாள். வலப்பக்கம் அத்தை, வாய் மூடி, தலைக்கு மேல் அளவான இடம், நடுவில் சிலுவை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பது கண்ணை உறுத்தியது. ஆனால் இந்தத் தடவை என் கண்ணைக் கேட்பதில்லை என்று முடிவு.

பதினொரு மணிக்கு அத்தை தனியாக வந்தார். பஸ்ஸில். வந்ததும் ஜன்னலைச் சாத்தினார். புதுக் கல்லைப் பார்த்தார்.

“இது யாரு?”

“நீங்கதான், அத்தை.”

“நானா?” கிட்டப் போனார். “பல்வலி வந்த மாதிரி இருக்கேன்.”

பிறகு பழைய கல் எங்கே என்று கேட்டார். சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். ராதிஷா ஒரு நாற்காலி போட்டார். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். நானும் மேஸ்திரியும் வேலை இருப்பது போல் காட்டிக்கொண்டோம்.

“அன்னைக்கு நான் ஏன் பேசலன்னு தெரியுமா?” என்றார், திரும்பாமல். “இந்த மனுஷன் முகத்தப் பாத்தேன். நான் பேசும்போது இப்படித்தான் இருப்பார். நாப்பத்தோரு வருஷம். கேக்கறாரோ தூங்கறாரோன்னு எனக்கே சந்தேகம் வரும். கேட்டிருக்கார், பாரு.”

நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

“அந்தக் கல்லுல” – புதியதைக் காட்டினார் – “என் வாய மூடிட்ட. அவரு எதக் கேட்டுக்கிட்டு நிக்கறார்? பஸ் வருதான்னு பாக்கற மாதிரி இருக்கார்.”

“லுபிஷா ஒத்துக்க மாட்டாரே” என்றார் ராதிஷா.

“லுபிஷாவுக்கு லின்ஸ்ல இடம் இருக்கு, அங்க வாய மூடிக்கிட்டு நிக்கட்டும். இங்க நிக்கப் போறது நான்.”

“அந்தக் காலி இடம், அத்தை?” நான்தான் கேட்டேன். விட்டிருக்கலாம். “அதுல ஏதாவது பூ, கொடி…”

“சும்மா விடு. நான் இன்னும் பேசி முடிக்கல.”

அவர் போன பிறகு ராதிஷா ஈரத்துணியால் புதுக் கல்லை ஒரே இழுப்பில் துடைத்தார். மூன்று நாள் வேலை. எனக்கு வலிக்கவே இல்லை. “போ. போய் உன் பொம்மைக் கதையப் போடு” என்றார். “பதினொண்ணாம் தேதி வரைக்கும் இந்தப் பக்கம் வராத. இங்க யாரும் அவசரப்பட்டுச் சாகல.”

தேதி அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லை. இல்லை, எப்போதோ சொல்லியிருப்பேன். பதினொரு வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், அவரும்.

ஆகஸ்ட் 30

108.

செப்டம்பர் 11, திங்கள்

கொடுத்துவிட்டேன். நெவேனா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ணினாள். “நூத்திப் பன்னெண்டு. நீ எழுதின விதி, அதனால எண்ணறேன்” என்றாள். திரும்பும் பஸ்ஸில் வாய் திறந்து தூங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, சனி

நினைவுநாள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ராதிஷா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார்.

பாதிரியார் முடித்துவிட்டுப் போனதும், வழக்கம் போல் கல்லைச் சுற்றிச் சாப்பாடு விரிந்தது. சர்க்கரை போட்ட கோதுமை, வறுத்த இறைச்சி, பிளம் சாராயம். முதல் துளி திஹோமிருக்குத் தரையில். பிறகு எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். நான் ராதிஷாவுக்குப் பின்னால் நின்றேன். மறைப்பதற்குப் போதுமான அகலம்.

முதலில் பேசியது நாத்தனார். “என்ன சொல்றா இவ?”

“ஜன்னல மூடுங்கறா” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“இல்ல, ஷூவ வெளில கழட்டுன்னு சொல்றா. பாரு, கீழ பாக்கறா.”

திஹோமிரின் தம்பி மூன்றாவது கிளாஸை ஊற்றிக்கொண்டிருந்தார். கல்லை நிமிர்ந்து பார்த்தார். “எனக்குத் தெரியும் என்ன சொல்றாங்கன்னு” என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

சிரிப்பு. கல்லறையில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை கோதுமைத் தட்டோடு நடுவில் நின்று “இல்ல”, “அதுவும் இல்ல” என்று தீர்ப்பு வழங்கினார்.

லுபிஷா மட்டும் தள்ளி நின்றார். யாரோ அவரையும் சீண்டினார்கள்: “நீ சொல்லுடா, ஆஸ்திரியாக்காரா!”

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஏன் போன் பண்ணலன்னு கேக்கறாங்க.”

அத்தை அதற்கு மட்டும் இல்லை என்று சொல்லவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

பெல்கிராதில் இரண்டு நாள் சந்தை. எங்கள் எட்டுப் பேருக்கு ஒரு மேசை. “எடைமேடை” கையில் கனமாக இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். இரண்டு முறை.

ஒரு கல்லூரி மாணவி புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். “உங்க ஊர் ஸ்மெதெரெவோ கல்லறைல பேசிக்கிட்டு நிக்கற அம்மா – அது நீங்களா? எங்க பெரியப்பா போட்டோ அனுப்பினாரு. இதே கோடு.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருபது வருடம் ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் போட்டேன். என்னைக் கண்டுபிடித்தது பெயர் போடாத ஒன்றிலிருந்து. குறை சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. தேடினேன்.

அக்டோபர் 4

பட்டறையில் புதிதாக இரண்டு தம்பதிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு மனைவி, கணவர் பேசுவது போல் வேண்டும் என்கிறார். உயிரோடு இருந்தவரை அவர் பேசியதில்லையாம். முடியாது என்று சொல்லவா? யோசிக்க வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஸ்தாமெங்கா அத்தை வீட்டுக்கே வந்தார். கையில் “எடைமேடை”, நான் கொடுத்த பிரதி, செய்தித்தாள் அட்டை போட்டு. இரண்டு தடவை படித்தாராம். காபி போட்டேன். அந்த எடைமேடைக்காரி அவருக்குத் தெரிந்த ஒருத்தி போலவே இருக்கிறாள் என்று ஆரம்பித்து, அந்த ஒருத்தியின் கல்யாணம், சீர், மாமியார் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டபோது சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. உன் ஆளுங்க ரொம்பப் பேசறாங்கம்மா.”

“அப்படியா, அத்தை?”

“மூஞ்சிலயே தெரியுது. அப்புறம் வாயால வேற எதுக்கு?”

அவர் போன பிறகு புத்தகத்தை எடுத்து, கட்டைவிரலால் குமிழ்களை மறைத்து மறைத்துப் பார்த்தேன். குறைந்தது நாற்பது பக்கங்களில் அவர் சொல்வது சரி.

இந்த வாரம் புதுக் கதை தொடங்கியிருக்கிறேன். மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. இதுவரை யாரும் பேசவில்லை.