கூடுதலாக ஒரு வரி

11 ஜூன் 2025, புதன்

பக்ரீத் கறி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. காலையில் அதைத்தான் சூடு பண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அஹத் முகம் சுளித்தபடியே சாப்பிட்டுவிட்டுப் பாலக்கரையில் இருக்கிற எங்கள் பெல்ட், பர்ஸ் கடைக்குப் போனார்.

கல்லூரி லேபிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் ஊர்க்களஞ்சியம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. சர்வரில் எதையோ புதுப்பித்திருக்கிறார்கள்; தேதியைத் தமிழ் மாதமாக மாற்றும் மாட்யூல் உடைந்துவிட்டது. ஏரி, குளம், தெரு, ஆறு என்று மாவட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆரம்பித்த விக்கி இது. எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்னால் ஓடும் நிரல்களில் கைவைக்க அனுமதி உள்ளவர்கள் நானும் செந்தமிழன் சாரும் மட்டும்தான். அவர் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறார், பேங்க் வேலை, நேரமே கிடையாது. ஆக, நான்தான்.

சுரேஷ்குமார் என்று ஒரு புதுத் தன்னார்வலர் வந்திருக்கிறார். பிழை எங்கே என்று அவரே கண்டுபிடித்து, திருத்தியும் அனுப்பிவிட்டார். தேர்ந்த கை. ‘அக்கா, வேற வேலை இருந்தா சொல்லுங்க’ என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

15 ஜூன், ஞாயிறு

போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல்தான், அனுப்பியிருக்கிறார் சுரேஷ்குமார். எல்லாருக்கும் ஓட வேண்டுமாம். பொதுவில் போட்டுவிட்டால், பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவர் போனிலும் அது தானாக ஓடும். அதனால் முழுக்கப் படிக்காமல் நான் எதையும் போடுவதில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

‘போட்டுட்டுப் படிங்கக்கா. வயசானவங்க கண்ணு தெரியாம கஷ்டப்படுறாங்க.’

இவ்வளவு அவசரம் எதற்கு?

கொள்ளிடம் ஆற்றைப் பற்றிய விக்கிப் பக்கத்தில் ‘நீரோட்டம்’ என்ற பெயரில் எழுதுகிறவர் மறுபடி படங்கள் சேர்த்திருக்கிறார். அனுமதியில்லாத இடத்தில் மணல் அள்ளும் லாரிகள், நம்பர் பிளேட் தெரிய. இந்த நீரோட்டம் ஆணா, பெண்ணா, எந்த ஊர், யாருக்கும் தெரியாது. எழுதுகிறவர்கள் விவாதித்துக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில் எவனோ பெயரில்லாமல் எழுதியிருந்தான்: ‘நீ யாருன்னு கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.’ அதை நீக்கினேன். நீக்கிய பிறகும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

18 ஜூன், புதன்

நாள் முழுக்கச் செய்முறைத் தேர்வு வேலை. சாயங்காலம் செந்தமிழன் சார் போன் பண்ணினார்.

“அந்தத் தம்பி தெனமும் கேக்குறாரு மேடம். நீங்க பிஸியா இருக்கீங்கன்னு நானே போட்டுட்டேன்.”

“படிச்சீங்களா சார்?”

“மேலோட்டமா பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.”

19 ஜூன், வியாழன்

படித்தேன்.

எழுத்தைப் பெரிதாக்கும் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. நடுவில் நீளமாக ஒரு வரி, வேண்டுமென்றே குழப்பி எழுதியது. துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நுழைந்திருக்கும் பயனர் யார், பதிவு செய்தபோது அவர் கொடுத்த மின்னஞ்சல் என்ன — இரண்டையும் எடுத்து வெளியே ஏதோ ஒரு தளத்துக்கு அனுப்புகிறது. எல்லாப் பக்கத்திலும் இல்லை. கொள்ளிடம் பக்கத்தில் மட்டும்.

யா அல்லாஹ். எழுத்தைப் பெருசாக்க மெயில் அட்ரஸ் எதுக்குடா உனக்கு?

உடனே ஸ்கிரிப்டை எடுத்துவிட்டேன். அவன் கணக்கை முடக்க விரல் வரவில்லை — முடக்கினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எடுத்ததிலேயே தெரிந்திருக்குமே, பைத்தியக்காரி.

பிறகுதான் கொள்ளிடம் பக்கத்தை யார் எப்போது திருத்தினார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தேன். நீரோட்டம் நேற்று இரவு அதில் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அவர் மின்னஞ்சல் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

செந்தமிழன் சாரிடம் சொன்னேன். “எனக்குப் புள்ளைங்க இருக்கு மேடம். எடுத்துட்டீங்கல்ல, அதோட விட்டுடுங்க. வெளில எதுவும் எழுதாதீங்க.”

விக்கி வழியாக மின்னஞ்சல் அனுப்பலாம், பெறுகிறவர் முகவரி நமக்குத் தெரியாது. நீரோட்டத்துக்கு அனுப்பினேன்: ‘உங்கள் மின்னஞ்சல் முகவரி வெளியே போயிருக்கிறது. மணல் விஷயத்தில் உங்களைத் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சில நாள் வீட்டில் இருக்காதீர்கள்.’ கீழே என் போன் நம்பரையும் போட்டேன்.

20 ஜூன், வெள்ளி

பதில் இல்லை.

21 ஜூன், சனி

மதியம் அஹத் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். நேராக அடுப்படிக்கு வந்து கேஸை அணைத்தார்.

“ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு பெல்ட்ட எடுத்துப் பாத்தாங்க, வாங்கல. ‘அக்கா கம்ப்யூட்டர்ல நல்லா வேலை பாக்குறாங்களாமே, தேவையில்லாததெல்லாம் தொட வேணாம்னு சொல்லுங்க பாய்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறாங்க. என்ன நஜீமா இது?”

நானும் புதன்கிழமை இரவு கொள்ளிடம் பக்கத்தைத் திறந்திருக்கிறேன். என் மின்னஞ்சலில் முழுப் பெயர் இருக்கிறது. பெயரைத் தேடினால் பாலக்கரைக் கடையின் விளம்பரம் வரும். அந்த விளம்பரத்தை என் பெயரில் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்தபடியே கேட்டார். “ஒனக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பளமா தர்றாங்க? அந்த வேலைய விட்டுத் தொலை.”

“நான் விட்டுட்டா அந்த ஸ்கிரிப்ட திரும்பப் போடுவாங்க.”

“போடட்டும்!”

இதற்கு முன் அவர் என்னிடம் இப்படிக் கத்தியதில்லை. பயந்துபோயிருக்கிறார். நானுந்தான். தெருவில் பைக் நிற்கிற சத்தம் கேட்டாலே ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன்.

22 ஜூன், ஞாயிறு

நீரோட்டத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை. உயிரோடு இருக்காங்களா?

24 ஜூன், செவ்வாய்

செந்தமிழன் சார் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். காரணம் எழுதவில்லை. திட்டவும் தோன்றவில்லை.

இப்போது நான் மட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்த ஒரு நாளில் கொள்ளிடம் பக்கத்தைத் திறந்த மற்றவர்கள்? அவர்களுக்கு ஒன்றுமே தெரியாதே. அவர்கள் கடை வாசலுக்கும் இரண்டு பேர் வந்து சிரித்தால்?

மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். அந்த வரி என்ன செய்தது, யார் கணக்கிலிருந்து வந்தது, எப்போது போடப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது. அன்று கொள்ளிடம் பக்கத்துக்கு வந்த எல்லாரும் கவனமாக இருங்கள். முதல் பக்கத்திலேயே போட்டேன். கீழே என் பெயர். சுரேஷ்குமார் கணக்கையும் முடக்கினேன்.

அஹத்திடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

25 ஜூன், புதன்

கல்லூரிக்குப் போகவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேபிள்காரர் வந்து தட்டினார். திறக்கவில்லை.

27 ஜூன், வெள்ளி

தெரியாத நம்பர். எடுக்கலாமா வேண்டாமா — எடுத்துவிட்டேன். பெண் குரல்.

“நஜீமாவா? நீங்க ஒரு மெயில் போட்டிருந்தீங்க. நீரோட்டம் பேசுறேம்மா.”

அழுதுவிட்டேன். அவங்க பேரு மணிமேகலை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாராம். என் மின்னஞ்சலைப் பார்த்ததும் தஞ்சாவூரில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

“என் மெயில்ல முழுப் பேரும் இருக்கு, அத வெச்சே வீட்டக் கண்டுபிடிச்சிருக்கானுங்க. மறுநாளே வந்து மாடிக் கதவ ஒடச்சிருக்காங்கம்மா. கீழ்வீட்டுக்காரங்க சத்தம் போடவும் ஓடிட்டானுங்க. உள்ள நான் இருந்திருந்தா...” நிறுத்திக்கொண்டார். பிறகு, “பயத்துல போனையே அணைச்சு வெச்சிருந்தேன். அதான் ஒங்களுக்குப் பதில் போடல. தப்பா நெனச்சுக்காதீங்க.”

சைபர் கிரைமில் புகார் கொடுக்கப் போகிறார். நிரலின் நகலும் என் வாக்குமூலமும் வேண்டுமாம்.

“வந்து சொல்வீங்களா?”

சொல்வேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.

2 ஜூலை, புதன்

வாக்குமூலம் கொடுத்தாயிற்று. கையெழுத்து கோணலாக வந்தது. அஹத் கூட வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

9 ஜூலை, புதன்

ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். அவன் பெயர் சுரேஷ்குமார் இல்லையாம். அவனை அனுப்பியது யார் என்று சொல்லமாட்டேன் என்கிறானாம். வெளியே இன்னும் ஆட்கள் இருப்பார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

இனி எந்த ஸ்கிரிப்டையும் இரண்டு பேர் வரி வரியாகப் படித்த பிறகுதான் போடுவது என்று விக்கியில் முடிவாகியிருக்கிறது. இன்னொருவர் வேண்டும் என்று அறிவித்திருந்தேன். யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்?

இன்று ஒரே ஒரு விண்ணப்பம். மணிமேகலை, ஸ்ரீரங்கம். சொந்தப் பெயர்.

பதறிப்போய் போன் பண்ணினேன். “வேணாம்மா. பேரப் போடாதீங்க. நிரல் வேற ஒங்களுக்குப் பழக்கமில்ல—”

“கத்துக்கிறேன். பேர மறைச்சு வெச்சதாலதானே தேடி வந்தானுங்க? இப்ப தேட என்ன இருக்கு? வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன், பூட்டு மாத்தியாச்சு. ஒருநாள் வாங்க, பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுங்க.”

அனுமதி கொடுத்துவிட்டேன்.

மணிமேகலை வீட்டுக்குக் கூப்பிட்டதை அஹத்திடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: “தனியா போக வேணாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நானே கூட்டிட்டுப் போறேன்.”