தாயின் தொழில்

மேட்டூர்
14.5.2024

என் சாமி கயல்விழிக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். உங்கப்பா போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். அவரும் சுகம். "பாப்பா நேரத்துக்குச் சாப்புடுதா, கேட்டியா?" என்று தினமும் போனில் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் கொடுக்கிற பத்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

வெயில் கடுமை. அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. போன வாரம் பண்ணவாடிப் பக்கம் போயிருந்தேன். தண்ணீருக்குள் கிடந்த பழைய கோயில் நந்தி முழுசாக வெளியே தெரிகிறது. அதன் முதுகில் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. சுற்றிலும் ஆடு மேய்கிறது. மீன் விற்கிற அத்தாயி அக்கா கண்டதும் பிடித்துக்கொண்டார். "உம் புள்ள அத்தன தூரம் போயி என்னத்தப் படிக்குது?" என்றார். நாடு முழுக்கத் தேடி நாற்பது பிள்ளைகளைப் பொறுக்கி, காலேஜில் சொல்லித்தருகிற வேதியியலைப் பதினொன்றாம் வகுப்பு முடித்ததுமே சொல்லித்தருகிறார்கள் என்றேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "நல்லா இருக்கட்டும் சாமி" என்று ஒரு கெண்டையைச் சும்மாவே கூடையில் போட்டுவிட்டார்.

பள்ளி விடுமுறைதான். ஆனாலும் ஆய்வகத்தில் இருப்புச் சரிபார்க்கிற வேலை எனக்கு. அந்தப் பெரிய அறையில் நான் ஒருத்திதான். நேற்று ஒரு புட்டியின் சீட்டைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே வெள்ளை உப்பு. தூக்கிப் பார்த்தேன், கைக்குக் கனத்தது. லெட் நைட்ரேட்டாக இருக்கும் என்று பட்டது. ஒரு சிட்டிகை கரைத்து, பொட்டாசியம் அயோடைடு விட்டேன். மஞ்சளாகத் திரண்டது. சூடு காட்டினேன். அத்தனை மஞ்சளும் கரைந்து வெறும் தண்ணீராகிவிட்டது. குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆற ஆற, எங்கிருந்து என்று தெரியாமல் பொன் துகள்கள் பிறந்து, வெயிலில் மினுக்கி மினுக்கிச் சுழன்று இறங்கின. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. நானும் அந்தக் குழாய்க்குள் எடையே இல்லாமல் இறங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. சூட்டில் ஏன் கரைகிறது, ஆறினால் ஏன் திரும்பி வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும். அதை நினைத்துக்கொண்டே குழாயை மறுபடி சூடு காட்டினேன்.

இனி ஒரு விஷயம். உன் பயிற்சி நிலையத்திலிருந்து பள்ளிக்கூட முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் ஆபீஸில் முருகானந்தம் சார் படித்துச் சொன்னார். ஜூன் இரண்டாம் தேதி பெற்றோர் வர வேண்டுமாம். வேதியியல் ஆசிரியை என்பதால் பிள்ளைகள் முன்னால் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "ஏனுங்கக்கா, உங்களை டீச்சருன்னு போட்டிருக்குதே?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். "டைப் அடிக்கறப்ப தப்பா அடிச்சிருப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து, கழுவி வைத்திருந்த பீக்கர்களையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினேன்.

அந்தத் தேதியில் பள்ளி திறக்கிற வேலை நிறைய இருக்கும். லீவு கிடைக்காது என்று எழுதினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் வராவிட்டால் உனக்கு நிம்மதி என்றால் அப்படியே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு எதுவும் நீ சொல்ல வேண்டாம். இதை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தில் கவனம் விட்டுவிடாதே.

தலைக்கு எண்ணெய் வை. ஆசிட் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றாதே. நீ எங்கே நின்றாலும் நன்றாக இருப்பாய்.

உன் அம்மா,
கலைமணி


புனே
20.5.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நேற்று போனில் நான் "சரி"யும் சொல்லவில்லை, அதைப் பற்றி வேறு எதையும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ரசம் வைத்தாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு நாள் முழுக்க அழுதேன்.

யாரும் தப்பாக டைப் அடிக்கவில்லை அம்மா.

முதல் நாள் எல்லோரும் அறிமுகம் செய்துகொண்டோம். ஒருத்தியின் அப்பா விஞ்ஞானி, ஒருவனின் அம்மா டாக்டர். என் முறை வந்ததும், "எங்கம்மா ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேபில் இருக்காங்க" என்றேன். "ஓ, டீச்சரா?" என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் "தாயின் தொழில்" என்ற இடத்தில் நானே என் கையால் வேதியியல் ஆசிரியை என்று எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று காலை வகுப்புக்கு முன்னால் இயக்குநர் மேடத்தின் அறைக்குப் போனேன். இங்கிலீஷில் சொல்ல யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "எங்கம்மா டீச்சர் இல்ல. பத்தாவது படிச்சிருக்காங்க, லேப் அசிஸ்டென்ட். நான்தான் மாத்தி எழுதினேன்" என்று தப்பும் தவறுமான இங்கிலீஷில் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் அலமாரியில் இருந்து என் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் கொடுத்தார். அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "அழைப்பு அழைப்புதான். உன் அம்மாவை எதிர்பார்க்கிறோம்" என்றார்.

அது போதவில்லை எனக்கு. மத்தியானச் சாப்பாட்டில் என் மேசையில் இருந்த ஏழு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது அறையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மரமெல்லாம் சிவப்பாகப் பூத்துக்கிடக்கிறது. பயம் இருக்கிறது. ஆனால் மூச்சு விட முடிகிறது.

லீவு கிடைக்காது என்று எழுதாதே அம்மா. பேச வேண்டியதில்லை. பேசுவதென்றால் நம்மூர்ப் பேச்சிலேயே பேசு, பக்கத்தில் நின்று நான் மாற்றிச் சொல்கிறேன். ரயிலில் ஜன்னல் சீட் கேட்டு வாங்கு. இங்கே கேட்டில் காவலுக்கு இருப்பவர் யாரைப் பார்க்க வேண்டும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். தயங்காமல் சொல். நான் காலையிலிருந்தே அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். நீ சொல்வது என் காதில் விழ வேண்டும்.

உன் மகள்,
கயல்விழி